நான் அணைக்கச் சொன்ன விளக்கு

நான் அன்று கையைத் தூக்கியிராவிட்டால் அந்த மனிதரின் கால் முறியாமல் இருந்திருக்குமா? ஆறு மாதமாக இந்தக் கேள்வியோடு இருக்கிறேன். ஒரு நாள் ஆம் என்று தோன்றுகிறது, மறுநாள் இல்லை என்று தோன்றுகிறது.

போன மார்கழியில் நடந்தது இது. பசறைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறோம். என் கணவர் தோட்டத்து ஆபீஸில் கிளாக்கர். எட்டு மாதக் குழந்தைக்குத் தடுப்பூசி போடுவதற்காக ஒரு காலையில் மோட்டார் சைக்கிளில் பதுளைக்குப் புறப்பட்டோம். பஸ்ஸில் போகலாம் என்று முதலில் சொன்னவள் நான்தான். பஸ்ஸில் இருமுகிறவர்கள் நடுவே பிள்ளையை வைத்திருப்பதா என்று பிறகு மாற்றிச் சொன்னவளும் நான்தான்.

மலையின் மேல் வளைவுகளில் பனிமூட்டம் அடைத்துக்கொண்டிருந்தது. பிள்ளையைச் சால்வைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “மெதுவா போங்க, மெதுவா போங்க” என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

“இதுக்கு மேல மெதுவாப் போனா இறங்கித் தள்ளத்தான் வேணும்” என்றார் அவர்.

பதுளைப் பக்கம் கொஞ்சம் இறங்கியதும் மூட்டம் விலகி வெயில் அடித்தது. அப்போது எதிரே ஒரு மோட்டார் சைக்கிள் ஏறி வந்தது. பின்னால் பெரிய தகரப் பெட்டி. நல்ல வெயிலில் முன்விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

எங்கள் பக்கத்தில் பகலில் விளக்கோடு வருகிறவரை யாரும் சும்மா போக விடமாட்டார்கள். மலையில் கொழுந்து பறிக்கும் பெண்கள்கூடக் கூவிச் சொல்வார்கள். இல்லாவிட்டால் கையை உயர்த்தி விரல்களைக் குவித்து விரித்துக் காட்டுவார்கள். பற்றரிக்கும் பல்புக்கும் கடை கடையாய் அலைகிற இந்த நாளில் அது ஓர் உதவி. ஓட்டுகிறவர் கையை எடுக்க முடியாதென்பதால் எங்கள் வண்டியில் அது என் வேலை. காட்டினேன். எதிரே வந்தவர் சிரித்துத் தலையாட்டி, விளக்கை அணைத்துவிட்டு எங்களைக் கடந்து போனார். ஒருவருக்கு நல்லது செய்தோம் என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. நாங்கள் இப்போதுதான் தாண்டி வந்த மூட்டத்துக்குள்தான் அவர் போகிறார் என்பது என் புத்திக்கு எட்டவே இல்லை.

ஊசி போட்டுத் திரும்பி வரும்போது மேல் வளைவு தெளிந்திருந்தது. ஒரு கொழுந்து லொறியின் முன்சக்கரம் பாதையோரமாய் மழைத் தண்ணீர் ஓடும் கானுக்குள் இறங்கிக் கிடந்தது. பாதை முழுவதும் சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடித் தூள் மின்னியது. வளையல்கள்! அந்தத் தகரப் பெட்டி வாய் பிளந்து கிடப்பதைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

பக்கத்துத் தேத்தண்ணிக் கடையின் நீள வாங்குப் பலகையில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். முழங்காலுக்குக் கீழே இரண்டு பலகைத் துண்டுகளை வைத்துக் கட்டியிருந்தது. பசறைக் கடைகளுக்கு வளையலும் ரிப்பனும் கொண்டுபோய்ப் போடுகிற, பதுளையில் கடை வைத்திருக்கிற முஸ்லிம் வியாபாரியாம். ஆஸ்பத்திரிக்குப் போக வான் வரும்வரை காத்திருந்தார்கள்.

“அசையாதீங்க நானா” என்றார் கடைக்காரர்.

“அசைஞ்சா என்ன, உடையிறதெல்லாம் உடைஞ்சாச்சு. இன்னிக்குத் தேயிலைச் செடிக்கெல்லாம் நான்தான் வளையல் போட்டு விட்டிருக்கேன்” என்று சிரித்தவர், வலியில் பல்லைக் கடித்துக்கொண்டார்.

எப்படி நடந்தது என்று என் கணவர் கேட்டார்.

“வெளக்குப் போட்டுத்தான் வந்தேன் தம்பி. யாரோ ஒரு நல்ல மனுசி கை காட்டினா, அணைச்சேன். மூட்டத்துக்குள்ள வந்த பொறகு திரும்பப் போடணும்னு தோணல்ல. எனக்கு ரோட்டு நல்லாத் தெரிஞ்சிச்சு. லொறிக்காரனுக்குத்தான் என்னைத் தெரியல்ல.”

காலையில் சால்வையால் தலையை மூடியிருந்தேன். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. கணவர் என்னைப் பார்த்தார். நான் குனிந்து பிள்ளையின் தொப்பியைச் சரிசெய்தேன். அதற்குள் வியாபாரி சட்டைப் பையில் கைவிட்டு இரண்டு சின்னக் கறுப்பு வளையல்களை எடுத்தார்.

“பிள்ளைக்குப் போடுங்க தங்கச்சி. இந்த ரெண்டுதான் தப்பிச்சது.”

வேண்டாம் என்று சொல்ல என்ன காரணம் காட்டுவது? வாங்கிக்கொண்டேன்.

“நீ கை காட்டினதுக்கா லொறி வந்துச்சு? மூட்டத்துல திரும்பப் போட்டுக்கிறது அவரு பொறுப்பு” என்று வீட்டில் கணவர் சமாதானம் சொன்னார். சரியாகத்தான் இருக்கலாம். ஆனால் ‘லொறிக்காரனுக்குத்தான் என்னைத் தெரியல்ல’ என்ற பேச்சு என்னை விடவில்லை. விளக்கு என்பது ஓட்டுகிறவர் பாதையைப் பார்ப்பதற்கு என்றுதான் நான் நினைத்திருந்தேன். படித்தவள்தான், ஆனால் அதைத் திருப்பி யோசித்ததே இல்லை.

அடுத்த முறை மூட்டம் இறங்கிய காலையில், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆபீஸ் பாதையின் அடியில் நின்றேன். கணவரை மேலிருந்து முதலில் விளக்கில்லாமல் வரச் சொன்னேன். சத்தம் கேட்டது, ஆளைக் காணவில்லை. பாதையோரச் சவுக்கு மரங்களில் எனக்குப் பக்கத்திலிருந்து இரண்டாவது மரத்தருகே வந்த பிறகுதான் தெரிந்தார். விளக்கோடு வந்தபோது ஏழாவது மரத்திலேயே மங்கலாக ஒரு மஞ்சள் பொட்டு தெரிந்தது. இடையில் மூட்டம்தான் கலைந்துவிட்டதோ என்று சந்தேகப்பட்டு, திரும்ப அணைத்துவிட்டு வரச் சொன்னேன். மறுபடியும் இரண்டாவது மரம்தான்.

கூடையோடு போன பெண்களில் ஒருத்தி நின்று, “என்னங்க கிளாக்கரம்மா, ஐயாவுக்கு லைசன்ஸ் பரீட்சையா?” என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்த ஐந்து மரத் தூரத்துக்குள் ஒரு லொறியை நிறுத்தியிருக்கலாமே என்றுதான் மனம் கணக்குப் போட்டது.

இப்போது நாங்கள் மலை ஏறும் முன்பே விளக்கைப் போட்டுவிடுகிறோம். வழியெல்லாம் கை காட்டுகிறார்கள். அவர்களும் நல்லதை நினைத்துத்தான் காட்டுகிறார்கள் என்பதால் எனக்குக் கோபம் வருவதில்லை, பயம்தான் வருகிறது.

அந்த வியாபாரி இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறார். பதுளையில் அவர் கடை வாசல்வரை இரண்டு முறை போய்த் திரும்பிவிட்டேன். கை காட்டியது நான்தான் என்று சொன்னால் அவருக்கு அதனால் என்ன பயன்? என் மனப்பாரத்தை அவர் தலையில் இறக்குவதாக ஆகாதா? சொல்லாமல் இருந்தால் அந்த ‘நல்ல மனுசி’ என்ற பெயரை நான் திருடி வைத்திருப்பது போலல்லவா இருக்கிறது?

வளையல்கள் அலுமாரியில் இருக்கின்றன. அவரிடம் சொல்லாமல் பிள்ளைக்குப் போட எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று எழுதுங்கள், வாசகர்களே. பிள்ளையின் கை வளர்ந்துகொண்டே இருக்கிறது. இன்னும் இரண்டு மூன்று மாதம் போனால் அந்த வளையலுக்குள் அது நுழையாது.