மஞ்சள் கொடி காட்டிய ஞாயிறு

போட்டிக்கு முந்தின நாள், பெற்றோர்களும் நடுவர்களும் இருக்கும் வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி வந்தது. "நடுவரும் அந்தப் பொண்ணும் ஒரே தெரு. ரிசல்ட்ட இப்பவே போட்டுடலாம்." அனுப்பியவரின் எண் என் போனில் இல்லை. குழுவில் இருந்த நாற்பது பேரையும் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்து, அன்று முழுக்க எல்லோர் மேலும் சந்தேகப்பட்டேன்.

நான் காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. கல்லூரியில் கடற்படை என்.சி.சி.யில் இருந்தபோது பாய்மரப் படகு பழகி, பிறகு தேர்வு எழுதி நடுவரானேன். மழைக்காலம் முடிந்து ஊருக்குப் பக்கத்துப் பெரிய ஏரி நிரம்பியிருக்கும் வாரங்களில் அங்கே பிள்ளைகளுக்குப் போட்டி நடக்கும். செய்தியில் சொல்லியிருந்த பெண்ணுக்குப் பதினாறு வயது. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டிலிருந்து நான்காவது வீடு. தினமும் என்னை "அக்கா" என்று கூப்பிடுகிறவள்.

போட்டியன்று காலையில் தலைமை நடுவரிடம் செய்தியைக் காட்டினேன். "சொந்தமா மேடம்?" என்றார். "இல்ல சார், தெருக்காரப் பொண்ணு." "அப்ப போட்ல ஏறுங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தச் சிரிப்பும் எனக்கு உறுத்தியது. கரையில் அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், சிரிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் மடியில் ஏதோ கனம் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

பாய்மரப் படகு காற்றில்தான் ஓட வேண்டும். காற்று விழுந்துவிட்டால் சிலர் உடம்பை இப்படியும் அப்படியும் சாய்த்துப் படகை ஆட்டுவார்கள். துடுப்புப் போட்டதுபோல் அது முன்னால் நகரும். அது குற்றம். மோட்டார் படகில் பின்தொடரும் நடுவர் விசில் ஊதி மஞ்சள் கொடி காட்டினால், அந்தப் படகு உடனே இரண்டு முழு வட்டம் அடித்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

பல பந்தயங்களின் புள்ளிகளைக் கூட்டித்தான் கோப்பை. கடைசிப் பந்தயம் வரை அவள்தான் முதலிடம். அதில் இரண்டாவதாக வந்தாலும் கோப்பை அவளுக்குத்தான். பாதி தூரத்தில் காற்று நின்றது. அவளுக்கு முன்னால் இரண்டு படகுகள் போய்க்கொண்டிருந்தன. நான் அவளுடைய படகை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மோட்டார் படகு ஓட்டியவர் திரும்பி, "மேடம், காலைலேர்ந்து இந்த ஒரு போட்டு பின்னாலயே போய்க்கினு இருக்கோம்," என்றார்.

இவரும் அவளுக்கு ஆள் போலிருக்கிறது என்று நினைத்தேன். "நீங்க ஓட்டுங்க அண்ணா," என்றேன்.

அவள் படகு ஒருமுறை ஆடியது. அலையாக இருக்கலாம். மறுபடி ஆடியது. மூன்றாம் முறை அவள் தோள் சாய்வது தெளிவாகத் தெரிந்தது. விசில் ஊதிக் கொடியைத் தூக்கி அவளுடைய பாய் எண்ணைச் சொல்லிக் கத்தினேன். அவள் உடனே இரண்டு வட்டம் அடித்தாள். அதற்குள் நான்கு படகுகள் அவளைத் தாண்டிவிட்டன. கோப்பை போனது.

கரையில், ஜெயித்த பையனின் அப்பா சந்தோஷத்தில் எனக்கு ஒரு வீடியோ காட்டினார். தூரத்திலிருந்து எடுத்தது. அதில் அவர் மகனின் படகும் அடுத்த படகும் தொட்டில்போல ஆடிக்கொண்டிருந்தன. அது குற்றம் என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

தலைமை நடுவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இத வச்சு இப்ப கொடி காட்ட முடியாது மேடம். தண்ணிலயே பாத்திருக்கணும். நீங்க எங்க பாத்துக்கினு இருந்தீங்க?"

பையனின் அப்பாவிடம் போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். அவளே கதவைத் திறந்தாள்.

"நான் ஆட்டுனது நெஜம்தான்க்கா. காத்து நின்னுபோச்சு, பயந்துட்டேன். ஆனா முன்னாடி போனவங்களும் ஆட்டிக்கினுதான் போனாங்க. அவங்கள ஏன் விட்டீங்க?"

"நான் பாக்கலமா."

"ஏன் பாக்கல?"

"உன்னையே பாத்துக்கினு இருந்தேன்."

அவள் அம்மா உள்ளேயிருந்து வந்தார். "அந்த மெசேஜ் எங்களுக்கும் வந்துச்சுமா. உங்களுக்குக் கெட்ட பேர் வரக்கூடாதுன்னு, அங்க அக்காவப் பாத்து சிரிக்காதன்னு நான்தான் சொல்லி அனுப்புனேன்."

அவள் செய்தது தவறுதான். ஆனால் எல்லோரையும் பார்க்க வேண்டிய நான், என்மேல் சொல் வந்துவிடக் கூடாது என்று அவள் ஒருத்தியை மட்டும் காவல் காத்திருக்கிறேன்.

நடந்ததை அப்படியே எழுதிப் போட்டிக் குழுவுக்குக் கொடுத்தேன். முடிவு மாறவில்லை. இனி ஒவ்வொரு மோட்டார் படகிலும் இரண்டு நடுவர்கள் இருப்பார்கள் என்று மட்டும் பதில் வந்தது. அடுத்த போட்டியில் அவள் பிரிவை வேறு இருவர் பார்த்தார்கள். நான் கரையில் பெயர்ப் பதிவு மேசையில் இருந்தேன். அவள் அன்று மூன்றாவதாக வந்தாள். பாயைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "அக்கா, ஊருக்கு ஒண்ணாவே போலாமா?" என்றாள்.