எஸ்தருக்கு ஒரு மின்சாரப் பேஸ்

வாத்தியக் கடையில் வேலை பார்ப்பவள் எத்தனையோ பாட்டுகளின் முதல் வரியைக் கேட்டிருப்பாள். ஒன்றின் முடிவையும் கேட்டிருக்க மாட்டாள். வாங்க வருகிறவர்கள் இரண்டு ஸ்வரம் வாசித்துப் பார்த்து விலை கேட்பார்கள். விலையைச் சொன்னதும் பாட்டு நின்றுவிடும். கடைகளில் நின்று கால் கடுத்தவர்களே, துணியோ பாத்திரமோ, நீங்கள் எதை விற்றிருந்தாலும் இந்தப் பாதிப் பாட்டு உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

யுத்தம் முடிந்த சமயம். நான் இங்கிலீஷ் இலக்கியத்தில் பி.ஏ. முடித்துவிட்டு, பம்பாய் மாட்டுங்காவில் அண்ணாச்சியின் வாத்தியக் கடைக் கவுண்டரில் நின்றேன். பெண் கடையில் நிற்கிறாள் என்று சொல்ல அப்பாவுக்கு வாய் வரவில்லை. 'மியூசிக் கம்பெனி'யில் இருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டார். அண்ணாச்சி திருநெல்வேலிக்காரர், மளிகையிலிருந்து ஆர்மோனியத்துக்கு மாறியவர். வாத்தியங்களையும் கிராமபோன்களையும் பழுது பார்க்க லூயிஸ் என்று ஒரு கோவாக்காரர் இருந்தார். கடை அவ்வளவுதான்.

செத்த ஆடு

வெள்ளைக்காரப் பட்டாளத்தார் ஆடிப் பாடிய கிளப் ஒன்றை மூடிவிட்டு, சாமான்களை ஏலம் விட்டார்கள். அண்ணாச்சி நாற்காலி வாங்கப் போனவர், நாற்காலிகளோடு ஒரு டபுள் பேஸையும் ஏற்றிக்கொண்டு வந்தார். ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் பெரிய பிடில். ஒட்டுப்பலகையில் செய்தது. விலாவில் ஒரு விரிசல். அதன் குரல் எனக்குப் பிடித்திருந்தது; பக்கத்து அறையில் யாரோ துக்கத்தைச் சொல்லி முடித்துவிட்டு மூச்சு விடுவது போல இருக்கும். ஆனால் சின்னக் குரல். நாலு பிடில் கூட வாசித்தால் காணாமல் போய்விடும்.

வீணைத் தந்தி வாங்க வந்த ஒரு மாமா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். பஜனைக்குச் சுருதி போட உதவுமா என்றார். மீட்டிப் பார்த்தார், முகம் மலர்ந்தது. தந்தி எதில் செய்தது என்று கேட்டார். பொய் சொல்லத் தெரியாமல், ஆட்டுக் குடல் என்றேன். கையை உதறிக்கொண்டு குழாயடிக்குப் போனார். திரும்பி வந்தபோது கோபம் போய், கண்களில் இரக்கம் வந்திருந்தது.

"பாவம், செத்த அப்புறமும் அதைக் கத்த விட்டிருக்காளே."

தாராவியிலிருந்து வந்தவள்

அந்தப் பேஸைத் தேடிக்கொண்டு வந்த முதல் ஆள் ஒரு பெண். எஸ்தர். தாராவியில் வீடு, அப்பாவுக்குத் தோல் பதனிடும் பட்டறையில் வேலை. மிஷன் பள்ளியின் வாத்தியக் குழுவில், உயரமாக இருந்த ஒரே காரணத்தால், இவளிடம் பெரிய பிடிலைக் கொடுத்திருந்தார்கள். பள்ளி முடிந்தது, பிடில் பள்ளியிலேயே தங்கிவிட்டது.

செம்பூரில் ஒரு சினிமா ஸ்டூடியோவில் பேஸ் வாசித்த வெள்ளைக்காரர் கப்பலேறிவிட்டார். அந்த இடத்துக்கு ஆள் தேடினார்கள். தசரா கழிந்த மறுநாள் ஒரு ரிக்கார்டிங். சொந்த வாத்தியத்தோடு வந்து வாசித்துக் காட்டு, தேறினால் மாதச் சம்பளம் என்று மியூசிக் மாஸ்டர் சொல்லியிருக்கிறார். வீட்டில் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேலை கிடைத்தால் அந்தப் பேச்சு தள்ளிப்போகும். கிடைக்காவிட்டால் கிறிஸ்துமஸுக்குள் கல்யாணம். இதையெல்லாம் ஊர்க்கதை போலச் சொன்னாள். பிறகு எங்கள் பேஸை அணைத்து நிறுத்தி, ஒரு கிறிஸ்தவக் கோவில் பாட்டின் அடி ஸ்வரங்களை மட்டும் மீட்டினாள். லூயிஸ் அரத்தைக் கீழே வைத்துவிட்டார். ஆனால் எஸ்தர் பாதியில் நிறுத்தி, தலையை ஆட்டினாள்.

"நல்ல பிடில் வாங்க எனக்கு வழியில்லக்கா. ஆனா தொண்டை இல்லாத பிடிலைக் கொண்டுட்டுப் போயி அங்க நிக்க மாட்டேன்."

சாய்ந்த கழுத்து

என் லீவு நாளில் அவளோடு நானும் அலைந்தேன். போட்டிக் கடைகளுக்கு வாடிக்கையாளரைக் கூட்டிக்கொண்டு போன சிப்பந்தி பம்பாயிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். தோபி தலாவில் ஒரு கடையில் ஜெர்மன் பேஸ் இருந்தது. முழு மரத்தில் குடைந்தது, குரல் கடல் மாதிரி. விலையும் அப்படித்தான். தொட்டுப் பார்த்துவிட்டு வந்தோம்.

பழைய சாமான் விற்கும் சோர் பஜாரில் இன்னொன்று. மலிவு, பளபளவென்று புதுப் பாலீஷ். எஸ்தர் மயங்கிவிட்டாள். நான் கீழே குனிந்து, நெசவுக்காரர் நூலைப் பார்ப்பது போல, கழுத்தின் நீளத்தில் கண்ணை ஓட்டினேன். கழுத்து ஒரு பக்கமாகத் திருகியிருந்தது. கையில் கொஞ்சமே காசு வைத்துக்கொண்டு முதல் வாத்தியம் வாங்குகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: குறையில்லாததைத் தேடாதீர்கள், சரிசெய்யக்கூடிய குறையைத் தேடுங்கள். விரிசலை ஒட்டலாம், தந்தியை மாற்றலாம். திருகிய கழுத்தை யாராலும் நிமிர்த்த முடியாது. இதை நான் கடைக்காரரிடம் சொன்னேன். அவர் ஹிந்தியில், கொஞ்சமும் அசராமல் சொன்னார்:

"கழுத்து சாய்ந்திருந்தால் என்ன பஹன்ஜி, வாசிக்கிறவளும் அதே பக்கம் சாய்ந்துகொள்ளட்டும்."

ரேடியோவுக்கு வயிற்றுவலி

அதே சந்தில் பட்டாளத்துக் கழிசல்கள் குவிந்து கிடந்தன. பூட்ஸ், தண்ணீர்க் குப்பி, கண்ணாடி. அவற்றுக்கு நடுவே பட்டையில் கோத்த இரண்டு கறுப்புப் பொத்தான்கள். விமானம் ஓட்டுகிறவர்கள் கழுத்தில் கட்டிக்கொள்ளும் மைக் என்றார் விற்றவர். இஞ்சின் இரைச்சலில் காற்று வழியாகப் பேச்சு கேட்காதாம். இது தொண்டையின் அதிர்விலிருந்தே பேச்சை எடுத்துக்கொள்ளுமாம்.

எஸ்தர் சொன்ன தொண்டை எனக்கு ஞாபகம் வந்தது. மனிதத் தொண்டையில் எடுப்பது மரத்தில் எடுக்காதா? இலக்கியம் படித்தவளுக்கு வரக்கூடிய யோசனைதான். உவமையை நிஜம் என்று நம்பிவிடுகிற வழக்கம். வாங்கிக்கொண்டு வந்து லூயிஸிடம் கொடுத்தேன். அவர் சிரிக்கவில்லை. பேஸின் தந்திகளைத் தாங்கும் பாலத்துக்கு அடியில், தந்தியின் அதிர்வு பலகைக்குள் இறங்கும் இடத்தில், மைக்கை இறுக்கிக் கட்டினார். நடுவில் டார்ச் செல் வைத்து, கம்பியைக் கடை ரேடியோவின் பின்னால் கிராமபோன் சேர்க்கும் ஓட்டைகளில் செருகினார். எஸ்தர் ஒரே ஒரு தந்தியை மீட்டினாள். கண்ணாடி அலமாரியில் இருந்த புல்லாங்குழல்கள் உருண்டன. என் உள்ளங்காலில் அந்த ஸ்வரம் ஏறியது. வாழ்க்கையில் நான் எழுதாமல் விட்ட வரிகள் பல உண்டு. இது நான் எழுதிய வரி.

அடுத்த கடையில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தவர் டபராவோடு ஓடி வந்தார்.

"என்ன ஆச்சு, உங்க ரேடியோவுக்கு வயித்துவலியா?"

பூஜையில் வைத்தது

எஸ்தர் பேஸை வாங்கிக்கொண்டாள். கம்பி வேலை பாக்கி இருந்ததால் அது கடையிலேயே நின்றது. ரிக்கார்டிங் முடியும்வரை கடை ரேடியோவை இரவல் தருவதாக அண்ணாச்சி ஒத்துக்கொண்டிருந்தார்.

சரஸ்வதி பூஜை வந்தது. அண்ணாச்சி கடையில் உள்ளதையெல்லாம், வாடிக்கையாளர் விட்டுப்போனவை உட்பட, துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து வரிசையாக நிறுத்திவிடுவார். மறுநாள் விஜயதசமி காலைவரை யாரும் தொடக்கூடாது. ஒரு தந்தி கூட அசையக்கூடாது. நடுநாயகமாக, மாலை போட்டுக்கொண்டு எஸ்தரின் பேஸ் நின்றது. பக்கத்தில் ரேடியோ, அதற்கும் பொட்டு.

பூஜை முடிந்து பொரி கொடுத்துக்கொண்டிருந்தபோது எஸ்தர் வந்தாள். ஓடி வந்திருந்தாள். பாடகிக்கு ஊருக்குப் போக வேண்டியிருந்ததால் ரிக்கார்டிங்கை இன்றைக்கே வைத்துவிட்டார்கள். மத்தியானத்துக்குள் வராவிட்டால் வேறு ஆள். அண்ணாச்சி முகம் கறுத்துவிட்டது. கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர். பூஜையில் வைத்த வாத்தியத்தை எடுத்தால் வருஷம் முழுக்கக் கடை ஊமையாகிவிடும் என்று நம்பினார். "எடுக்கப்பிடாது தாயி, என் கையால எடுக்கப்பிடாது" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எஸ்தர் வாதாடவில்லை. செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து, கையைக் கட்டிக்கொண்டு தன் பேஸையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

எதிரே ஒரு டாக்சி புறப்பட்டுக்கொண்டிருந்தது. நெற்றியில் சாமந்தி மாலை, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். நான் அதைக் காட்டினேன். "அண்ணாச்சி, அதுக்கும் இன்னிக்குத்தானே பூஜை? பழத்தை நசுக்கிண்டு அது பொழைப்புக்குக் கிளம்பறதோல்லியோ? மத்த வாத்தியமெல்லாம் விக்கறதுக்காக நிக்கறது, அது தூங்கட்டும். இது வேலைக்குப் போறது."

அண்ணாச்சி டாக்சியைப் பார்த்தார். பேஸைப் பார்த்தார். கம்பியும் செல்லும் ரேடியோவுமாக அது நின்ற கோலத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் தட்டிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து, பேஸ் தரையில் ஊன்றி நிற்கும் இரும்பு முள்ளுக்கு அடியில் தாமே வைத்தார்.

"அப்போ இதுவும் வண்டிதான். ஏத்தி நசுக்கிட்டுப் போளா."

செம்பூரில்

அந்த டாக்சியையே கூப்பிட்டு, கூரையில் பேஸைக் கட்டினோம்; லூயிஸும் கூட வந்தார். ரேடியோ என் மடியில். ஸ்டூடியோவில் மாஸ்டர் லூயிஸிடம் கை கொடுத்து, வாசிக்கப் போவது அவர்தானா என்று கேட்டார். எஸ்தர் முன்னால் வந்து நின்றாள். பிடில்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பேஸின் நெற்றியில் இருந்த குங்குமத்தைப் பார்த்து ஒருவர் சிரித்தார்.

பாட்டு ஆரம்பித்தது. முதல் சில வரிகளுக்கு அவளுக்கு வேலையில்லை. பிறகு அவள் கை இறங்கியது. அதுவரை அந்தப் பாட்டு அந்தரத்தில் நடந்துகொண்டிருந்தது என்பது அப்போதுதான் எல்லாருக்கும் தெரிந்தது. அவள் அதற்கு ஒரு தரை போட்டாள். கண்ணாடி அறையிலிருந்த ஒலிப்பதிவுக்காரர் எழுந்து, மூக்கைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். அன்று, என் கடை வாழ்க்கையில் முதன்முறையாக, ஒரு பாட்டைக் கடைசி ஸ்வரம்வரை கேட்டேன்.

மாஸ்டர் எஸ்தரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். மாதச் சம்பளம், திங்கட்கிழமையிலிருந்து வேலை. ஆனால் அவருக்கு வேண்டியது அதே குரல், துளி மாறாமல். லூயிஸ் வேறு ரேடியோ தருவதாகச் சொல்லிப் பார்த்தார். மாஸ்டர் கேட்கவில்லை. பேஸும் அந்த ரேடியோவும் அங்கேயே தங்கின. டாக்சியில் திரும்பும்போது என் மடி காலியாக இருந்தது; எஸ்தர் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள்.

அண்ணாச்சியிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் சொன்னேன். அவர் ரேடியோ வழக்கமாக இருக்கும் ஸ்டூலைத் துண்டால் துடைத்தார். மறுநாள் விஜயதசமி. செய்தி கேட்க வழக்கமாக வரும் மாமாக்கள் காலியான ஸ்டூலைப் பார்த்து, ரேடியோ எங்கே, ரிப்பேரா என்று விசாரித்தார்கள். அண்ணாச்சி மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ரிப்பேரா? அது செம்பூர்ல வேலைக்குச் சேந்துட்டு."

அத்தனை வருஷம் அந்தக் கவுண்டரில் நின்று நான் விற்ற பேஸ் அது ஒன்றுதான், அதையும் கடையின் ரேடியோவை இனாமாகக் கொடுத்துத்தான் விற்றேன்.