அன்டெனாக் குழாயோடு கட்டிய வயர்

2005 சித்திரை மாதம், வவுனியா நகரம். ஒரு மூன்று மாடி வீட்டுக்கு இன்டர்நெட் பூட்டிக் கொடுக்கப் போயிருந்தேன். அந்த மத்தியானம் வீட்டில் இருந்தவர்கள் வீட்டுக்கார அம்மா, அவருடைய மருமகள், மருமகளின் கைக்குழந்தை. இல்லாதவர்கள் இரண்டு பேர். வீட்டுக்காரர் தன் புடைவைக் கடையில் நின்றார். மகன் கட்டாரில் வேலை செய்தார்.

அந்த மகன் தன் பிள்ளையை இன்னும் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. அன்று பின்னேரம் அவர் அங்கே ஒரு நெட் கபேயில் வந்து இருப்பார், இங்கே மேல்மாடிக் கம்ப்யூட்டரின் கமராவில் பிள்ளையைக் காட்ட வேண்டும். நான் போனது செவ்வாய்க்கிழமை.

டெலிபோன் லைன் கீழே விறாந்தையில் இருந்தது. ரவுட்டரை அங்கே வைத்து, படிக்கட்டோரமாக ஒரு வயரை மேலே கொண்டுபோக வேண்டும். ஆனால் அது முஸ்லிம் வீடு, ஆம்பிளை இல்லாத நேரத்தில் வெளி ஆள் மேலே ஏறுவதில்லை. அம்மா கதவுக்குப் பின்னால் நின்று சொன்னார்: "அவர் ஆறு மணிக்கு வந்திருவார் தம்பி. அதுமட்டும் இருங்கோ, தேத்தண்ணி தாறன்."

எனக்கு இருக்க மனமில்லை. தர்மபுரத்தில் கூலிக்கு வயல் செய்யும் குடும்பம் எங்களுடையது. அதில் முதன்முதல் படித்துச் சான்றிதழ் எடுத்தவன் நான். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான். ஒரே நாளில் முடித்துவிடுவேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

வெளிச்சுவரோரம் நிலத்திலிருந்து கூரைக்கு மேலே ஒரு டிவி அன்டெனாக் குழாய் போனது. மருமகள் மேல் ஜன்னலால் கயிறு விட்டார். நான் வயரை அதில் முடிந்துவிட, அவர் இழுத்தெடுத்து, நான் கீழிருந்து சொன்ன இடத்தில் செருகினார். தொங்கிய வயரை ஏணி வைத்துக் குழாயோடு சேர்த்துக் கட்டினேன். சுவரில் கிளிப் அடிக்கிற வேலையும் மிச்சம்.

எங்கள் பக்கம் வானம் இருண்டால் டிவி, அன்டெனா, டெலிபோன் என்று எல்லா வயரையும் கழற்றிவிட்டுத்தான் மற்ற வேலை பார்ப்பார்கள். மருமகளும் ஜன்னலில் நின்றபடி அதைத்தான் கேட்டார்: "தம்பி, இடி முழங்கினால் இதையும் கழட்டுறதோ?"

எனக்குச் சிரிப்பு வந்தது. "இதில கரண்ட் ஓடுறேல்லை அக்கா, டேட்டாதான் ஓடுறது. மற்றதுகளைக் கழட்டினால் காணும்." டேட்டா என்பதைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னேன்.

வியாழன் பின்னேரம் இடியோடு மழை பெய்தது. பக்கத்து வளவுத் தென்னையில் இடி விழுந்ததாம். வெள்ளி காலை கூப்பிட்டார்கள், போனேன். வீட்டுக்காரர் என்னை மேலே கூட்டிப்போனார். பிளக்குகளை எல்லாம் கழற்றி மேசையில் ஒழுங்காக வைத்திருந்தார்கள். என்னுடைய வயர் மட்டும் செருகியபடி இருந்தது. பக்கத்தில் விழுந்த இடி அன்டெனாக் குழாயிலிருந்து, அதோடு கட்டியிருந்த அந்த வயரில் ஏறி, ரவுட்டரையும் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கார்டையும் எரித்திருந்தது. வேறு ரவுட்டர் கொழும்பிலிருந்துதான் வர வேண்டும். கட்டிலில் பிள்ளையின் புதுச்சட்டை விரித்துக் கிடந்தது.

கீழே வந்து ரவுட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, மருமகள் விறாந்தையில் கட்டாருக்குப் பேசினார். "இடியால பழுதாப் போச்சு. வாற வெள்ளி பாப்பம்." அந்தப் பக்கம் பிள்ளையைப் பற்றி ஏதோ கேட்டிருக்க வேண்டும். "ஓம், உங்கட மூக்குத்தான்," என்றார். என்னைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

முழுச் செலவும் என்னுடையது என்றேன். வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. "மருமகள் கேட்டவ எல்லோ. பிறகும் படிச்ச பிள்ளை சொன்னதெண்டு விட்டுட்டம். பாதி எங்கட."

பேச்சு வாங்கியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு சுட்டிருக்காது.

புது ரவுட்டர் வந்ததும், அடுத்த செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்குப் பிறகு போய், அவர் கூடவே நிற்க, படிக்கட்டோரமாகப் புது வயர் இழுத்தேன். தேத்தண்ணியும் குடித்தேன். அடுத்த வெள்ளி எல்லாம் சரியாக வேலை செய்ததாம்.

அதன் பிறகு எத்தனையோ வீடுகளில் வயர் இழுத்துவிட்டேன். யாராவது இதையும் கழட்டுறதோ என்று கேட்டால் உடனே பதில் சொல்வதில்லை, ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். ரவுட்டரும் கார்டும் ஏழாயிரத்து நானூறு ரூபாய், அதில் அவர்கள் பங்கு மூவாயிரத்து எழுநூறு. பிள்ளையைக் காட்ட முடியாமல் போன அந்த வெள்ளிக்கிழமையில் மட்டும் என்னால் பாதியை ஏற்க முடியவில்லை, அந்த நட்டம் முழுவதும் அவர்களுக்கே போனது.