சிரித்த மாதிரி ஒரு போட்டோ

என் மகள் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் மூத்த மருமகளாக நடித்துக்கொண்டிருந்தாள். ஒரு மதியம் அந்தத் தொடரின் உதவி இயக்குநர் எங்கள் வீட்டுத் தொலைபேசிக்கு அழைத்தார்.

"சார், மேடம் போட்டோ ஒண்ணு வேணும். தனியா, நேரா பாத்து, கொஞ்சம் சிரிச்ச மாதிரி. எங்க கிட்ட இருக்கிற ஸ்டில் எல்லாத்துலயும் அழுதுகினே இருக்காங்க."

அவர் சொன்னது உண்மை. அந்தத் தொடரில் அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை. பத்து நாளாக அவளைப் படப்பிடிப்புக்கும் கூப்பிடவில்லை. என்னவோ ஏதோ என்று கவலையில் இருந்த எனக்கு அந்த அழைப்பு பெரிய ஆறுதலாக இருந்தது. விளம்பரத்துக்காக இருக்கும், ஏதாவது வார இதழின் அட்டைக்காகவும் இருக்கலாம் என்று நினைத்தேன். கல்லூரிக் கடைசி நாளன்று ஸ்ரீபெரும்புதூர் ஸ்டுடியோவில் எடுத்த படம் ஒன்று இருந்தது. கடுகு நிறப் பட்டுப்புடவையில், போட்டோகிராபரைக் கிண்டல் செய்துவிட்டு உதட்டை ஒரு பக்கமாக இழுத்துச் சிரித்துக்கொண்டிருப்பாள். நெகட்டிவைத் தேடி எடுத்துப் பெரிதாகப் பிரிண்ட் போட்டேன். முகம் இன்னும் கொஞ்சம் வெளிச்சமாக வரட்டும் என்று இரண்டாவது முறையும் போடச் சொல்லி, கூடவே நின்று வாங்கினேன். மடங்காமல் இருக்க உறைக்குள் ஓர் அட்டை வைத்து, அதை வாங்கவென்றே வந்த யூனிட் காரில் கொடுத்தனுப்பினேன். அவளுக்குத் திடீரென்று தெரியட்டும் என்று வீட்டில் மூச்சு விடவில்லை.

அவள் நடிக்க வந்தது யாரும் திட்டமிட்டதல்ல. பூந்தமல்லியை அடுத்த ஒரு பங்களாவில் படப்பிடிப்பு என்று தோழிகளோடு வேடிக்கை பார்க்கப் போனாள். கதாநாயகியின் தோழியாக நடிக்க வேண்டிய பெண் அன்று வரவில்லை. கூட்டத்தில் நின்ற இவளைக் கூப்பிட்டு நாலு வரி பேச வைத்தார்கள். நாலையும் ஒரே தடவையில் பேசிவிட்டாள். அதைப் பார்த்துத்தான் அதே யூனிட் அடுத்த தொடரில் மூத்த மருமகள் வேஷம் கொடுத்தது. சின்ன வயதில் தலைவலி என்று பள்ளிக்கு மட்டம் போடும்போது டாக்டரே நம்புகிற மாதிரி நடித்தவள். அவளுக்கு நாலு வரி ஒரு பொருட்டே இல்லை.

முதல் ஆறு மாதம் யூனிட்டில் எல்லோருக்கும் அவள் செல்லம். அப்புறம் தொடர் பெயர் வாங்கியது. ஸ்ரீபெரும்புதூர்க் கடைத்தெருவில் பெண்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த மாமியாள சும்மா வுடாத கண்ணு" என்றார்கள். அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாகத் தொடங்கியது. இன்னொருத்தி கட்டிய புடவை வேண்டாம் என்று மேக்கப் அறையிலேயே உட்கார்ந்துகொண்டாள். சாம்பாரில் உப்பில்லை என்று சாப்பாட்டைத் திருப்பி அனுப்பினாள். எழுதிக் கொடுத்த வசனத்தை, "எந்த மருமக இப்படிப் பேசுவா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். அவள் கேட்டது சரியாகவும் இருந்திருக்கலாம். ஆனால் வசனம் எழுதியவர் பக்கத்திலேயே நின்றிருக்கிறார்.

எல்லாவற்றையும் விடக் கெட்டது காலை நேரம். ஏழு மணிக்குக் கார் வந்து வாசலில் நிற்கும். எட்டரைக்கு அவள் தலை துவட்டிக்கொண்டிருப்பாள்.

இந்த இடத்தில் என் வேலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒரகடத்தில் வாகன உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் டைம் ஆபீஸ் பொறுப்பு எனக்கு. யார் எத்தனை மணிக்குக் கார்டு அடித்தார்கள் என்று பார்ப்பது என் வேலை. மாதத்தில் மூன்று நாள் பத்து நிமிடம் பிந்தினால் அரை நாள் லீவு. பஸ் பஞ்சர், பாட்டிக்கு முடியவில்லை, எதுவும் என்னிடம் செல்லாது. "லைன் உனக்காக நிக்காது தம்பி. உன் எடத்துல வேற ஆள நிறுத்திடுவாங்க" என்று எத்தனையோ பையன்களிடம் சொல்லியிருக்கிறேன். அதே நான்தான், எங்கள் வீட்டுக் குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும்போதே புரொடக்‌ஷன் மேனேஜருக்குப் போன் செய்து, "சார், பூந்தமல்லி ரோட்ல லாரி கவுந்துடுச்சு. பாப்பா மாட்டிகிட்டா. வந்துடுவா" என்பேன். வாரத்துக்கு ஒன்று என்று தொடங்கி, பிறகு வாரத்துக்கு மூன்று லாரி கவிழ்த்தேன். கார் டிரைவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அவரையும் சேர்த்துக்கொண்டேன். பொய் சொல்கிறோம் என்றே எனக்குத் தோன்றவில்லை. பிள்ளையைக் காப்பாற்றுவதாகத்தான் தோன்றியது.

போட்டோ கொடுத்து எட்டு நாள் இருக்கும். மாலை ஏழு மணி, இரண்டாம் ஷிப்டின் சாப்பாட்டு நேரம். கேன்டீன் டிவியில் அவள் தொடர். அன்று எனக்கும் அந்த ஷிப்டு என்பதால் நானும் தட்டோடு உட்கார்ந்திருந்தேன். தொடரில், வீட்டுக் கூடத்தில் தொலைபேசி மணி அடிக்கிறது. மாமியார் எடுக்கிறார். "என்ன, பூந்தமல்லி ரோட்டுல லாரி கவிழ்ந்து..." என்று சொல்லிவிட்டு, ரிசீவரைக் கீழே விட்டு அழுகிறார். அடுத்த காட்சியில் சுவரில் ஒரு படம். கடுகு நிறப் பட்டுப்புடவை. ரோஜா மாலை, ஊதுவத்தி, பக்கத்தில் குத்துவிளக்கு.

எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். ஒரு நிமிடம் அது நாடகம் என்பதே மறந்துபோனது.

"இன்னா சார், நம்ம பாப்பா போட்டோவுக்கு மாலை போட்டுகிறானுங்க?" என்றார் பக்கத்து ஊரான வல்லத்திலிருந்து வரும் ஆபரேட்டர்.

பக்கத்தில் இருந்த திருநெல்வேலிப் பையன் அவர் தொடையில் தட்டினான். "அண்ணாச்சி, சும்மா இரிங்க." பிறகு டிவிக்குக் கீழே நின்றவனைப் பார்த்து, "ஏல, அத அமத்துல. சார் சாப்பிட்டுக்கிட்டு இருக்காவ" என்றான்.

டிவி நின்றது. சாப்பிட்டுக்கொண்டிருந்த நூறு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். லாரியும் நான் கொடுத்தது, படமும் நான் கொடுத்தது என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது? பாதியில் எழுந்து, கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.

வீட்டில் என் மனைவி மகளைக் கிழக்கே பார்த்து உட்கார வைத்து உப்பும் மிளகாயும் சுற்றிக்கொண்டிருந்தாள். "உயிரோட இருக்கிற புள்ளைக்கு மாலை போட எப்படிங்க மனசு வந்துது?" என்று முணுமுணுத்துக்கொண்டே அடுப்பில் போட்டாள். படம் போனது யார் கையால் என்று அப்போது அவளுக்குத் தெரியாது. சொன்ன பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மகள் என்னைப் பார்த்ததும் சிரிக்கத்தான் முயன்றாள். "பாத்தியாப்பா? போன்லயே செத்துட்டேன். ஆஸ்பத்திரி சீன்கூடக் குடுக்கல. ரெண்டு நிமிஷம் கண்ண மூடிப் படுத்திருப்பேன்ல?" அதற்கு மேல் முடியவில்லை. ஆறு வயதில் அழுத மாதிரியே, மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு அழுதாள்.

மறுவாரம் விடுப்புப் போட்டுவிட்டு படப்பிடிப்பு நடக்கும் அந்தப் பூந்தமல்லிப் பங்களாவுக்குப் போனேன். புரொடக்‌ஷன் மேனேஜர் மரத்தடியில் சாப்பாட்டுக் கேரியர்களை எண்ணிக்கொண்டிருந்தார். எழுந்து நாற்காலி போட்டார். அந்த மரியாதைதான் என்னை இன்னும் குன்ற வைத்தது.

"லாரி எங்க வீட்டு லாரி மாதிரி இருந்துது சார்" என்றேன்.

"தினமும் நீங்கதானே சார் கவுத்தீங்க? ரைட்டர் அதையே எடுத்துக்கினாரு." அவர் சிரிக்கவில்லை. "பொண்ணு நல்லா நடிக்கும் சார். அதுல ஒரு கொறையும் இல்ல. மாமனாரா நடிக்கிறாரே பெரியவரு, அவருக்கு சுகர். உங்க பொண்ணு கூடச் சேர்ந்து வர்ற சீனுக்காக ஒரு நாள், அது வர்ற வரைக்கும் வெத்து வயித்தோட மூணு மணி நேரம் ஒக்காந்திருந்தாரு. நடுவுல எழுந்து சாப்பிட்டா மேக்கப் கலையும்னு சாப்பிடல. மயங்கி வுழுந்துட்டாரு. அன்னிக்கு டைரக்டர் முடிவு பண்ணிட்டாரு."

எனக்கு இது தெரியாது. அன்றும் நான் போன் செய்திருக்கிறேன்.

"மறுபடி வர வழி இருக்கா சார்? இரட்டைப் பொறவின்னு சொல்லி..."

"மாலை போட்டாச்சு சார்" என்றார். "இதோட போச்சுன்னு நெனைக்காதீங்க. வேற யூனிட்காரன் எவன் கேட்டாலும் எனக்குத்தான் மொதல்ல போன் பண்ணுவான், அந்தப் பொண்ணு எப்படின்னு. நான் இன்னா சொல்றது? நீங்களே சொல்லுங்க."

கும்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். திரும்பி வரும்போது, நான் பேர் எழுதி அரை நாள் வெட்டிய பையன்களின் முகங்கள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. அவர்களிடம் நான் காட்டிய கண்டிப்பில் கொஞ்சத்தை வீட்டுக்கும் எடுத்து வந்திருக்கலாம்.

நடந்ததை மறைக்காமல் மகளிடம் சொன்னேன். பெரியவர் மயங்கி விழுந்தது அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் தன்னால்தான் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. யூனிட்டில் முகத்துக்கு நேராக எதையும் சொல்வதில்லையாம். அடுத்த நாள் அவளே பெரியவர் வீட்டைத் தேடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "திட்டுவார்னு போனேன். சக்கரை போடாத காபி குடுத்தாருப்பா" என்று மட்டும் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "இனிமே எனக்காக நீ யாருக்கும் போன் பண்ணாத. லேட்டுன்னா நானே சொல்லிக்கிறேன்."

ஏழு மாதம் ஒரு வேஷமும் கிடைக்கவில்லை. நடிகர் தேர்வுக்குக் கூப்பிட்ட இரண்டு இடங்களிலும், "சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். அவள் வீட்டில் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனாள். ஜன்னல் திரைகளை மாற்றித் தைத்தாள். அம்மாவிடம் சண்டை போட்டாள். நான் வேலையிலிருந்து வந்ததும் முதலில் அவள் முகத்தைப் பார்ப்பேன், பிறகு தொலைபேசியை.

எட்டாவது மாதம் வேறொரு தொடரில் ஒரு நாள் வேஷம் கிடைத்தது. நர்ஸ். கார் அனுப்ப மாட்டார்கள். காலை ஐந்தரைக்கே கிளம்பி, முதல் ஷிப்டுக்காரர்கள் நிற்கும் நிறுத்தத்தில் அவர்களோடு நின்று பஸ் ஏறினாள். அன்று டைம் ஆபீஸ் தொலைபேசிமேல் இரண்டு முறை கை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டேன். ஒரு எண்ணையும் சுற்றவில்லை.

சாயங்காலம் வந்தவளிடம், "எத்தனை மணிக்குப் போன?" என்று கேட்டேன்.

"எட்டுக்கு வரச் சொன்னாங்க. ஏழேகாலுக்குப் போயிட்டேன். மத்தியானம் ரெண்டு மணிக்குத்தான் எடுத்தாங்க."

"வசனம்?"

"ஒண்ணுதான். 'டாக்டர் வந்துகிட்டிருக்காரு.' டிரிப்ஸ் பாட்டில சரி பண்ணிட்டு அதச் சொல்லணும்." கால்களை நீட்டி உட்கார்ந்தாள். "அடுத்த வாரமும் ரெண்டு நாள் வரச் சொல்லியிருக்காங்கப்பா. பெட்ல இருக்கிற ஆளு கோமா. அவரு கண்ணு முழிக்கிற வரைக்கும் எனக்கு வேல இருக்கு."

அந்த மாதம் முழுவதும் நானும் என் மனைவியும் அந்தத் தொடரை ஒரு நாள் விடாமல் பார்த்தோம். கட்டிலில் கிடந்தவரின் விரல் அசைந்ததாக ஒரு நாள் காட்டினார்கள். அவர் குடும்பமே சந்தோஷத்தில் அழுதது. என் மனைவி மட்டும் பூஜை அறைப் பக்கம் திரும்பி, "இப்ப என்ன அவசரம் இவனுக்கு?" என்றாள்.