பாட்டுப் புத்தகத்தின் அட்டை கனம்

செய்தி வந்தபோது நான் திருப்பதி அலிபிரியில் ஒரு டீக்கடை ஓரம் என் பழைய புல்லட்டை உதைத்துக்கொண்டிருந்தேன். சித்தூரிலிருந்து ஜெயசீலன் அண்ணா பேசினார். "முரளி, விடியக்காலைல பியூலா போய்ட்டா. தூக்கத்துலயே. சாயங்காலம் அடக்கம். அவ வண்டி முன்னால போவணும். நான் எப்பவும் போல பின்னால குந்திக்கினு வரணும். நீதான் ஓட்டணும்." சரி என்றேன். அழுகைகூட வரவில்லை. அதுவரை முரண்டு பிடித்த வண்டி மட்டும் அடுத்த உதையிலேயே கிளம்பிவிட்டது.

பியூலா அக்காவின் பாடகர் குழுவுக்கும், எங்களோடு ஞாயிறுதோறும் பழைய வண்டி ஓட்டிய நண்பர்களுக்கும் இதை எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேர் அன்று அக்கா வீட்டு வாசலில் நின்றீர்கள். மற்றவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். சித்தூரில் கணக்கு டீச்சர், சபையில் பாடகர் குழுத் தலைவி, ரோட்டில் புல்லட் டீச்சரம்மா, மூன்றும் ஒரே ஆள்தான். அவர் கணவர் ஜெயசீலன் அண்ணா சைக்கிள்கூட ஓட்டிப் பழகாதவர். கல்யாணமான நாளிலிருந்து அக்காவின் பின்சீட்டுதான் அவர் இடம். கேலி செய்தவர்களிடம், "நல்ல டிரைவர் கெடச்சா நீயும்தான் குந்துவ" என்பார்.

நான் அக்காவை முதலில் பார்த்தது திருப்பதியில், உதிரிபாகக் கடை ஒன்றில். என் வண்டி உறுமும், ஆனால் மேடு ஏறாது. கடைக்காரரிடம் புலம்பிக்கொண்டிருந்தேன். கிளட்ச் கேபிள் வாங்க வந்திருந்த அக்கா, கேட்காமலே வந்து என் கிளட்ச் லிவரைத் தொட்டுப் பார்த்தார். "இன்னாங்க இது, இவ்ளோ டைட்டா வச்சிக்கினா அது எப்டிங்க மூச்சு வுடும்?" கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "பாடல புஸ்தகம் தெச்சாரா மேடம்?" என்று தெலுங்கில் கேட்டார், பாட்டுப் புத்தகம் கொண்டுவந்தீர்களா என்று. அக்கா கைப்பையைத் திறந்து சபைப் பாட்டுப் புத்தகத்தை எடுத்தார். லிவர் கேபிளை இழுக்கத் தொடங்கும் முன் சும்மா ஆடும் அந்தச் சின்ன இடைவெளியில் கெட்டி அட்டையைச் செருகினார். செருகியபடியே கேபிள் திருகைத் திருப்பி, அட்டை இறுகாமலும் விழாமலும் நிற்கும் இடத்தில் விட்டார். நான் மேடு ஏறிப் போய்விட்டேன்.

அன்றிலிருந்து எங்களுக்குள் சண்டை. என் கணக்கு அஞ்சு ரூபாய் நாணயம். அந்த இடைவெளிக்கு நாணயத்தின் கனம் போதும் என்பது என் கட்சி. "வழவழன்னு இருக்கிற காச வச்சி இன்னாத்த அளப்ப? அட்டைன்னா லேசா அமுங்கும், கைக்குத் தெரியும்" என்பது அவர் கட்சி. நான் பாட்டுப் புத்தகத்தை அவமதிப்பதாக அவரும், அதன் மேல் கிரீஸ் தடவியதே அவர்தான் என்று நானும் போன வாரம்வரை போனில் கத்திக்கொண்டிருந்தோம். இப்படி ஒரு ஆளோடு சண்டை போடக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபை வளாகத்து வேப்பமரத்தடியில் அக்கா வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்துவார். குழுவின் கனத்த குரல்காரர் டேனியல் பின்சக்கரத்தைக் கையால் சுற்றுவார். அது வலது காலில் கியர் போடும் அந்தக் காலத்து வண்டி. முதல் கியருக்கு மேலே தூக்க வேண்டும், மற்ற மூன்றுக்கும் கீழே மிதிக்க வேண்டும். அக்கா ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பார். கியர்களுக்கு, கனத்ததிலிருந்து உச்சம்வரை, குழுவின் குரல்கள்தான் பெயர். "பாஸ்... டெனர்... ஆல்டோ... சொப்ரானோ!" ஒன்று சரியாக விழாவிட்டாலும் திரும்பவும் முதலிலிருந்து. "புடிக்கச் சொன்னா புடிக்கணும், வுடச் சொன்னா வுடணும். கிளட்ச்சும் அப்டித்தான், உன் தொண்டையும் அப்டித்தான் டேனியலு" என்று அவர் சொன்னதை நீங்கள் எல்லோரும் கேட்டிருக்கிறீர்கள்.

அடக்கத்தன்று நான் போய்ச் சேர்ந்தபோது அக்காவின் வண்டி வீட்டு வாசலில் கல்யாண மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று நின்றது. அண்ணா வெள்ளைச் சட்டையில், பின்சீட்டில் ஏறித் தயாராக உட்கார்ந்திருந்தார். பெட்டியைத் தூக்க ஆட்கள் வந்துவிட்டார்கள். உதைத்தேன், உறுமியது. முதல் கியர் போட்டு லிவரை விட்டேன். வண்டி கத்தியதே தவிர வாசல் மேட்டில் ஓரடி ஏறவில்லை. லிவரைத் தொட்டுப் பார்த்தால் துளி ஆட்டம் இல்லை, கல் மாதிரி இருந்தது.

"யார் கை வெச்சது?" என்று கத்தினேன்.

டேனியல் முன்னால் வந்தார். கண் சிவந்திருந்தது. "நான்தான் முரளி. காலைல தொடச்சேன். லிவரு தொளதொளன்னு ஆடுச்சி. அக்கா கடைசியா போற வண்டியாச்சேன்னு இறுக்கிட்டேன்." அவரை எப்படித் திட்டுவது? அன்பு மிகுந்துபோய் இறுக்கியிருக்கிறார்.

போதகர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சொந்தக்காரர் ஒருவர், "வண்டி வேணாம், நடந்தே போய்டலாம்" என்றார். அண்ணா இறங்கவில்லை. "நடந்து போனா அது பியூலா இல்ல" என்றார்.

என் சட்டைப் பையில் அஞ்சு ரூபாய் இருந்தது. திருகைத் தளர்த்தி, நாணயத்தை வைத்து அளந்து, மறுபடி கிளப்பினேன். பாதி மேடு ஏறியதும் கிளட்ச் மறுபடி வழுக்கியது. அக்கா இருந்திருந்தால் கைதட்டிச் சிரித்திருப்பார். அவருடைய புத்தகமோ பெட்டிக்குள், அவர் கைக்கடியில் இருந்தது. போதகர் தன் புத்தகத்தை நீட்டினார். அது புதுப் பதிப்பு, அட்டை தடிமன். அதை வைத்து அளந்ததும் ஆட்டம் கூடிப்போய் எதிர்ப்பக்கத் தொல்லை. அண்ணாவை ஒரு நிமிடம் இறங்கச் சொல்லி நடு ஸ்டாண்டில் போட்டுப் பார்த்தால், லிவரை முழுக்கப் பிடித்த பிறகும் பின்சக்கரம் நிற்காமல் சுற்றியது, கியர் போட்டால் நறநறத்தது.

அப்போது அண்ணா சட்டைக்குள்ளிருந்து ஒன்றை எடுத்தார். "இதப் பாரு. கல்யாணத்துல ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி குட்த்தாங்க." அக்காவுடைய அதே பதிப்பு. ஆனால் ஒரு துளி கிரீஸ் இல்லாத அட்டை. செருகித் திருகைத் திருப்பினேன். லேசாக அமுங்கியது. சத்தியமாகச் சொல்கிறேன், கைக்குத் தெரிந்தது.

எஞ்சினை நிறுத்திச் சக்கரத்தை டேனியல் சுற்ற, கியரை நான் போட்டுப் பார்த்தேன். வாசலில் நின்ற குழு முழுவதும், யாரும் சொல்லாமலே, "பாஸ்... டெனர்... ஆல்டோ... சொப்ரானோ" என்றது. நாலும் டக் டக்கென்று விழுந்தன. உதைத்தேன். அண்ணாவோடு வண்டி மேட்டை ஏறியபோது துக்க வீடு என்பதை மறந்து உங்களில் ஒருவர் விசில் அடித்தார். அது யார் என்று எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன்.

கல்லறைத் தோட்டம்வரை முதல் கியரில், நடப்பவர்களின் வேகத்தில் போனோம். பின்னால் பெட்டி, அதன் பின்னால் உங்கள் பாட்டு. கிளட்ச்சைப் பிடித்தும் விட்டும் போன அந்த வழியில் ஒரு குலுக்கல் இல்லை. எல்லாம் முடிந்து வெளியே வந்ததும் அண்ணா மறுபடி ஏறிக்கொண்டார்.

"திருப்பதி ரோட்டுக்கு வுடு."

"வீட்டுல எல்லாரும் காத்துக்கினு இருக்காங்க அண்ணா."

"இருக்கட்டும். வழி பூரா ஃபர்ஸ்ட்லயே வந்தோம். அவ ஒரு நாளும் என்ன அப்டி கூட்டிக்கினு போனதில்ல. நாலு போடு முரளி."

ஊரைத் தாண்டியதும் போட்டேன். ஒவ்வொரு கியர் விழும்போதும் அண்ணா பின்னாலிருந்து கூவினார். "டெனர்! ஆல்டோ!" நாலாவது விழுந்தபோது "சொப்ரானோ!" என்று அவர் கத்தியது அழுகையா சிரிப்பா என்று திரும்பிப் பார்க்கவில்லை. அக்கா பாடிய குரல் அது. காற்று முகத்தில் அடித்தது. எனக்கும் கண் நிறைந்தது. அவ்வளவு சந்தோஷமாகவும் இருந்தது.

திரும்பி வந்து இறங்கியதும் அந்தப் புத்தகத்தை என் கையில் வைத்து மூடினார். நான் சபைக்காரன் இல்லை, எனக்கு அதில் ஒரு பாட்டும் தெரியாது. இன்று என் ஸ்பேனர் பையில் அது இருக்கிறது, அட்டையில் முதல் கிரீஸ் கறையோடு. அஞ்சு ரூபாயை வழியில் டீக்குக் கொடுத்துவிட்டேன். அக்கா, நீங்கள் ஜெயித்தீர்கள்.