பிளாஸ்க்கில் டீ இருந்த வருஷம்

போன ஞாயிறு ஈஸ்டர் ஆராதனையில் எங்கள் சர்ச்சே ஆடிப்போய்விட்டது. காரணம் — எங்கள் ஜெயசீலன் மாமா.

என் அக்கா ஸ்டெல்லாவின் புருஷன். மைன்ஸ் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். திருவிருந்து நேரத்தில் மண்டி போட்டார், அப்பத்தை வாங்கிக்கொண்டார். பாஸ்டர் திராட்சரசப் பாத்திரத்தை நீட்டியதும்... இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்!

"ஜெயசீலா, வாங்கிக்கப்பா" என்று பாஸ்டர் கிசுகிசுத்தார்.

"வேணாங்கய்யா. பாஸ்டரம்மா போடற ரசம் எப்படி ஏறும்னு எனக்குத் தெரியும்" என்றார் மாமா. அவருக்குக் கிசுகிசுக்க வராது. மிஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகின தொண்டை. கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டது.

வெளியே வந்ததும் நாலு பேர் அக்காவை வளைத்துக்கொண்டார்கள். "இன்னா ஸ்டெல்லா, உங்க வூட்டுக்காரருக்கு விசுவாசம் போயிருச்சா?"

எனக்கு வந்ததே ஒரு கோபம்! இத்தனை வருஷமும் சனிக்கிழமை குடித்த வாடையோடு வந்து இதே பாத்திரத்தில் வாய் வைத்தாரே, அப்போ நீங்கள் எல்லாம் எங்கே போயிருந்தீர்கள்? இப்போது வேண்டாம் என்றால் மட்டும் விசாரணை கமிஷனா?

சரி, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் எங்கள் ஊரில் ஒரு வேடிக்கை உண்டு. லெந்து தொடங்கும் சாம்பல் புதனன்று ஆம்பளைகள் குடியை விட்டுவிடுவார்கள். ஈஸ்டர் மத்தியானம் வட்டியும் முதலுமாகப் பிடித்துக்கொள்வார்கள். மாமாவும் வருஷா வருஷம் விடுவார். லெந்து வந்தால் மட்டும் ஷிஃப்டுக்குப் பெரிய பிளாஸ்க்கில் டீ கொண்டுபோவார். "டீ குடிச்சா அந்த நெனப்பு வராது" என்பார். பிளாஸ்க்கைக் கழுவி வைப்பதும் அவரேதான். என்ன பொறுப்பு என்று நாங்கள் மெச்சிக்கொண்டோம்.

போன வருஷம் ஒருநாள் கழுவ மறந்துவிட்டார். அக்கா மோந்து பார்த்தாள். டீயாவது, மண்ணாவது!

இந்த வருஷம் அக்கா கறாராகச் சொல்லிவிட்டாள்: "இந்த லெந்துலயும் ஏமாத்துனீங்கன்னா எங்கம்மா வூட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வரமாட்டேன்."

மாமா பயந்துபோய் நிஜமாகவே நிறுத்தினார். பிளாஸ்க்கில் நிஜமாகவே டீ! மறுநாளே கை நடுக்கம், வேர்வை, தூக்கம் போச்சு. சுவரில் பூச்சி ஊருது என்றார். "ஆண்டவர் சோதிக்கிறாரு, தாங்கிக்கோங்க" என்று அக்கா சுக்குக் காபி போட்டுக் கொடுத்தாள்.

அதற்கடுத்த நாள் சாயங்காலம் நானும் ஸ்கெலட்டன் காலனியில் அக்கா வீட்டில்தான் இருந்தேன். மைன்ஸ்காரர்களுக்கு வரிசையாகக் கட்டின லைன் வீடு. சமையல் செய்கிற இடத்துக்கும் மாமா படுத்திருந்த அறைக்கும் நடுவே மூங்கில் தட்டிதான் சுவர். இந்தப் பக்கம் நாங்கள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தோம். தட்டியில் மாட்டியிருந்த அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுவென்று ஆட ஆரம்பித்தன.

"ஏர் ப்ளாஸ்ட்டு" என்றாள் அக்கா, தலையை நிமிர்த்தாமல்.

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் ஊருக்கு அடியில் தங்கச் சுரங்கத்தில் பாறை வெடித்தால் மேலே வீடு ஆடும். அதற்கெல்லாம் நாங்கள் பயப்படுவதில்லை. கை தானாகப் போய் டம்ளர் அலமாரியைப் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். அக்காவும் பிடித்துக்கொண்டாள்.

ஆனால் ஏர் ப்ளாஸ்ட் சட்டென்று அடங்கிவிடுமே? இது அடங்கவில்லை. தட்டி ஆடிக்கொண்டே இருந்தது...

ஓடிப் பார்த்தால், தட்டியை ஒட்டிப் போட்ட இரும்புக் கட்டிலில் மாமாவுக்கு வலிப்பு. உடம்பு வெட்டி வெட்டி இழுக்கிறது. கண் மேலே செருகிவிட்டது. வாயில் நுரை. அவ்வளவு பயம் நான் பட்டதே இல்லை.

அக்கா போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டம்மா ஓடிவந்தார். "இது அசுத்த ஆவிதான்!" என்று உரக்க ஜெபம் பண்ண ஆரம்பித்தார். "ஜெபத்த ஆட்டோல பண்ணிக்கலாம், காலைப் புடிங்க!" என்று கத்தினேன். பிடித்தார். ராபர்ட்சன்பேட்டை ஆஸ்பத்திரி வரைக்கும் ஜெபத்தையும் விடவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: "குடிப்பாரா?"

அந்த அழுகையிலும் அக்காவுக்கு ஒரு பெருமை. "குடிப்பாரு டாக்டர். ஆனா சாம்பல் புதன்லருந்து ஒரு சொட்டு தொடலீங்க, சத்தியமா!"

"அதனாலதாம்மா இப்படி ஆயிருக்கு."

மெடல் கொடுப்பார் என்று பார்த்தால் மனுஷன் இப்படிச் சொல்கிறாரே! அப்புறம் விளக்கினார். வருஷக்கணக்காகத் தினமும் குடிக்கிற உடம்பு குடியோடு சேர்ந்தே ஓடப் பழகியிருக்குமாம். திடீரென்று நிறுத்தினால் நரம்பெல்லாம் தறிகெட்டுப்போகும். கை நடுங்கும், இல்லாத பூச்சி தெரியும், வலிப்பு வரும், உயிரே போனாலும் போகும். நிறுத்தத்தான் வேண்டும் — டாக்டர் பார்வையில், மருந்தோடு. "இன்னும் கொஞ்சம் லேட்டா வந்திருந்தா..." என்று இழுத்து, அக்கா முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அநியாயத்தைப் பார்த்தீர்களா? பிளாஸ்க்கில் ஏமாற்றிய வருஷமெல்லாம் குத்துக்கல்லாட்டம் இருந்தார். யோக்கியமாக இருந்த வருஷம் சாகக் கிடந்தார்!

தெளிந்ததும் மாமாவே சொன்னார்: "ஷாஃப்ட்ல ஆள் எறங்குற கேஜை நிதானமா எறக்கணும். நான் கயித்தையே அறுத்துட்டேன்."

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் எச்சரித்தார்: "இனி ஒரு வாய்கூட கூடாது. ஒரு வாய்தானேன்னுதான் எல்லாரும் மறுபடி ஆரம்பிக்கிறாங்க." மாமா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஈஸ்டரன்று வாயைப் பொத்தியது அதற்காகத்தான். குடியை விட மனஉறுதி இருந்தால் போதும் என்று ஊரே அட்வைஸ் பண்ணுகிறது. மாமாவுக்கு உறுதி இருந்தது சாமி, உடம்புதான் ஒத்துக்கொள்ளவில்லை. அதற்கு வைத்தியம் வேண்டாமா?

அன்று சர்ச்சிலிருந்து வந்து பிரியாணியைத் தம்மில் போட்டோம். மைன்ஸை இன்றைக்கு மூடுவார்கள், நாளைக்கு மூடுவார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. அதையே பேசிக்கொண்டிருந்தோம். திடீரென்று அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுத்தன.

அக்கா அலமாரிப் பக்கம் திரும்பக்கூட இல்லை. கரண்டியை வீசிவிட்டு உள்ளே பாய்ந்தாள். டம்ளர்கள் தடதடவென்று கீழே விழுந்தன.

மாமா கட்டிலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மூச்சிரைக்க நின்றவளை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாடி இப்படி ஓடியார? இது நானில்ல, மைன்ஸு!"

அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அப்புறம் சிரித்தாள். அப்புறம் மறுபடி அழுதாள்.

நசுங்கின டம்ளரில்தான் அன்றைக்கு மூன்று பேரும் டீ குடித்தோம் — சத்தியமாக டீதான், நானே மோந்து பார்த்தேன்!