கோட்டைக்குள் ஒரு நாகர்

போன மாதம் என் மகள் பள்ளிச் சுற்றுலாவாக வேலூர்க் கோட்டைக்குப் போய்வந்தாள். செல்போனில் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினாள். அகழி, பீரங்கி, மியூசியத்துச் சிலைகள். "நீங்க அங்க போயிருக்கீங்களாப்பா?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டேன்.

போயிருக்கிறேன். அப்போது எனக்குப் பத்து வயது. சங்கரன்கோவிலில் தறி ஓட்டிக்கொண்டிருந்த அப்பாவுக்குத் தீராத வயிற்றுவலி. ஓடுகிற தறியை நிறுத்திவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிடுவார். திருநெல்வேலியில் பார்த்தவர்கள் வேலூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். ஊரில் விட்டுப்போக ஆள் இல்லாததால் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். என்னிடம் கிழியாமல் இருந்தது பள்ளிக்கூட உடுப்பு மட்டுந்தான். வெள்ளைச் சட்டை, காக்கி டவுசர்.

நாலு நாள் அலைந்த பிறகு, ஒரு காலையில் டாக்டர் அப்பாவையும் அம்மாவையும் உள்ளே கூப்பிட்டு வெகுநேரம் பேசினார். வெளியே வந்த அப்பா, "ஏலே, வா, கோட்டையப் பாத்துட்டு வருவோம். பீரங்கிலாம் இருக்காம்" என்றார். அம்மா எங்களுக்கு முன்னால் நடந்தாள். நோய் சரியாகிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இரண்டு பேருக்கும் எழுத்துத் தெரியாது. அதனால் மியூசியத்தில் நான்தான் பெரிய ஆள். ஒவ்வொரு சிலைக்கும் கீழே இருந்த அட்டையைச் சத்தமாகப் படித்தேன். "ரேடியோக்காரன் மாதிரில்லா படிக்கான்" என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். அந்தப் பெருமையில் நீளமான சொற்களாகத் தேடிப் படித்தேன். அறைக்கு அறை 'தொடாதீர்கள்' என்று ஒரு பலகை இருந்தது. ஒற்றைச் சொல்லைப் படிப்பதில் என்ன கெட்டிக்காரத்தனம் என்று அதை விட்டுவிட்டேன்.

ஒரு மூலையில் நாகர் சிலை இருந்தது. இரண்டு பாம்புகள் பின்னிக்கொண்டு நிற்கிற கல். அம்மா அதன் முன்னால் நின்றுவிட்டாள். எங்கள் ஊரில் எந்த நோய்க்கும் முதல் மருந்து கோமதியம்மன் கோயில் பாம்புப் புற்றுமண். ஒரு பொட்டலம் அம்மாவின் முந்தானையில் முடிந்தே இருக்கும். தினமும் காலையில் அப்பா வயிற்றிலும் என் நெற்றியிலும் பூசிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவாள்.

"ஒரு சொட்டு எண்ணெ இல்லாம எப்படிக் காஞ்சு கெடக்கு பாருங்க" என்று சொல்லிக்கொண்டே முடிச்சை அவிழ்த்தாள். பாட்டில் தண்ணீரை உள்ளங்கையில் விட்டு மண்ணைக் குழைத்தாள்.

"ஏட்டி, எல்லாரும் பாக்காங்க."

"பாத்தாப் பாக்கட்டும். நம்ம ஊரு சாமி நமக்கு முந்தி வந்து நிக்குதுல்லா."

நாகர் உடம்பெல்லாம் மண்ணைப் பூசினாள். பூசிய கையை அப்படியே கொண்டுவந்து, அப்பாவின் சட்டையை விலக்கி வயிற்றில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்த நேரத்தில் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். அவர்களும் வெள்ளைச் சட்டை, காக்கி டவுசர். ஒருவன் சிரித்தான், பிறகு எல்லாரும் சிரித்தார்கள். நான் மெல்ல நகர்ந்து அவர்கள் வரிசையில் போய் நின்றுகொண்டேன். நானும் கொஞ்சம் சிரித்தேன்.

காவலாளி ஓடிவந்தார். "இன்னாமா பண்ற? போர்டு போட்டுகீது, படிக்கல?"

"எங்களுக்குப் படிக்கத் தெரியாது, ஐயா. எம் மவன் நல்லாப் படிப்பான்."

"எங்க உன் பையன்? கூப்டு அவன."

அம்மா திரும்பிப் பார்த்தாள். அவள் பார்வை என்மேல் வந்து நின்றது. நான் சுவரில் தொங்கிய வாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆளக் காணும், ஐயா. எல்லாப் பிள்ளையளும் ஒரே உடுப்பால்லா இருக்கு" என்றாள்.

காவலாளி நல்ல மனிதர்தான். அதற்குமேல் திட்டவில்லை. துடைத்துவிட்டுப் போகச் சொன்னார். அம்மாவுக்குக் கை வரவில்லை. அப்பாதான் தோள்துண்டை நனைத்து, ஒரு கையால் வயிற்றைப் பிடித்தபடி குனிந்து, பாம்புகளின் மடிப்புக்குள் எல்லாம் துடைத்தார். பிள்ளைகளோடு நானும் அடுத்த அறைக்குப் போய்விட்டேன்.

வெளியே பீரங்கிக்குப் பக்கத்தில் வைத்து என்னைக் கண்டுபிடித்தார்கள். எங்கே போனாய் என்று அம்மா கேட்கவில்லை. "பாத்தியாலே பீரங்கிய?" என்று மட்டும் அப்பா கேட்டார்.

அடுத்த ஆடித்தபசுத் திருவிழாவுக்கு அப்பா இல்லை. அவர் ஓட்டிய தறியில் நான் நின்றேன். அம்மா அதற்குப் பிறகு இருபது வருடம் இருந்தாள். கோட்டையைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

கோட்டைக்குப் போன அன்று சாயங்காலம் ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன். காலையில் அம்மா வைத்துவிட்ட புற்றுமண் நெற்றியில் அகலமாக அப்படியே காய்ந்திருந்தது. அந்த வரிசையில் நின்ற வேறு எந்தப் பிள்ளையின் நெற்றியிலும் அது இல்லை. அதைப் பார்த்த பிறகும், நல்லவேளை எல்லாரும் ஒரே உடுப்பு, அம்மாவுக்கு ஆள் தெரியவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டேன். அவள் மடியில் தலையை வைத்துத் தூங்கிப்போனேன்.